செத்தது யார் என்று ஒரு வழக்கு

என் புருஷன் செத்த அன்று, மில் ரிஜிஸ்தரில் செத்தவராக எழுதப்பட்டவர் அவருடைய அண்ணன். அந்த அண்ணனோ அந்நேரம் மாடக்குளம் கண்மாய்த் தண்ணீரை எங்கள் வயலுக்குத் திருப்பிவிட்டு, முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். இந்தக் கூத்தைச் சரிசெய்ய எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று.

யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முந்தி நடந்தது இது. பழங்காநத்தம் அப்போது வயல்களுக்கு நடுவே இருந்த ஊர். எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரியவருக்கு, அதாவது என் மூத்தாருக்கு, பஞ்சாலையில் நிரந்தர வேலை. நம்பர் பொறித்த பித்தளை டோக்கன் அவர் பெயரில் இருந்தது. என் வீட்டுக்காரர் வயலைப் பார்த்துக்கொண்டார். கண்மாயில் தண்ணீர் குறைந்துவிட்டால் ஊரில் முறை வைத்துவிடுவார்கள், இன்ன வீட்டுக்கு இன்ன நாள் என்று. முறை நாளில் மடையில் மூத்தவன்தான் நிற்க வேண்டும். சின்னவன் நின்றால் பக்கத்து வயல்காரன் ஏய்த்துவிடுவான் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. மில்லிலோ அதற்கெல்லாம் லீவு கிடையாது. அதனால் முறை நாளில் அண்ணன் மண்வெட்டியை எடுப்பார், தம்பி டோக்கனை எடுப்பார். வயலும் மில்லுமாக இருந்த வீடுகளில் எல்லாம் இதே கதைதான். ஆள்களை வேலைக்கு விடுகிற மில் மேஸ்திரிக்கு இது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முறைக்கும் அவர் வீட்டுக்கு ஒரு கூடை கத்தரிக்காய் போகும். சுமந்துகொண்டு போனவள் நான்.

அப்படி ஒரு முறை நாளில்தான் மிஷினின் பெல்ட் என் வீட்டுக்காரரை இழுத்துவிட்டது. பெல்ட்டை மூடியிருந்த தகடு கழன்று பல நாள் ஆகியிருந்ததாம். யாரும் மாட்டவில்லை. எனக்கு வயது இருபத்து மூன்று, மகளுக்கு நாலு. போலீஸ் வந்து கேட்டபோது மேஸ்திரி டோக்கனைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிட்டார். அழுதுகொண்டிருந்த எங்களுக்கு அது காதிலேயே விழவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார்.

“இந்தா பாரு ஆத்தா, நடந்தது நடந்துபோச்சு. ரிசிஸ்தர்ல பெரியவரு செத்ததா ஏறிருச்சு. அது அப்படியே கெடக்கட்டும். அவரு பொஞ்சாதி ஒரு கைநாட்டு வச்சா மில்லுல நஷ்டஈடு குடுத்துருவாங்க. ரெண்டு பேரும் பிரிச்சுக்கங்க. பெரியவருக்கு வேற பேர்ல வேற டோக்கன் நான் வாங்கித் தாரேன்.”

“அப்ப எம் புருசன் எங்க போனாருன்னு எழுதுவீக? காசிக்கா?” என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு அதற்கு முன்பே வந்திருந்தது. ஆள் மாற்றி வேலைக்கு விட்டது மில்லுக்குத் தெரிந்தால் அவர் வேலை போய்விடும், அதை மறைக்க ஒரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் புதைக்கப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் வீட்டில் எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. “அம்புட்டுத் தொகை சும்மா வருதுல்ல, யார் பேர்ல வந்தா என்ன?” என்றார் மாமனார். மூத்தார் பெண்டாட்டி, என் ஓரகத்தி, மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். “உசுரோட இருக்குற மனுசனுக்கு நான் தாலியறுத்தவன்னு கைநாட்டு வைக்கணுமாம்டி” என்றாள். வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்குப் பயம். மூன்று பிள்ளைகள், டோக்கன் போனால் பட்டினி.

எனக்குப் பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல நான் சாமியாரில்லை. ஆனால் என் மகள் வாங்கித் தின்கிற சோறு அவள் அப்பா செத்ததற்கு வந்த சோறாக இருக்க வேண்டும். பெரியப்பா செத்ததாகப் பொய் சொல்லி வாங்கிய சோறாக இருக்கக் கூடாது.

நான் நாலாம் வகுப்பு வரை படித்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு கிறிஸ்தவ வக்கீல் இருந்தார். வருஷம் திரும்பாத வெள்ளைச்சேலையோடு அவர் வாசலில் போய் நின்றேன். ஊர் பேசியது. பேசட்டும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “டோக்கன் யாருதுங்கிறது பெருசில்லம்மா. வேலை பார்த்தது யாரு, மேஸ்திரி தெரிஞ்சே விட்டாரா, அதுதான் கேள்வி. அதைச் சொல்ல ஒரே சாட்சி உங்க மூத்தாருதான். அவரு வருவாரா?”

வயலுக்குப் போனேன். மூத்தாரோடு முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதனால் வரப்பில் நின்ற ஒரு பனைமரத்தைப் பார்த்துப் பேசினேன்.

“தம்பிய அனுப்புனது யாருன்னு கேப்பாங்க. நீங்கதான் வந்து சொல்லணும்.”

“சொன்னா டோக்கன் போயிரும் தாயி.”

“சொல்லலைன்னா தம்பியே இல்லாமப் போயிருவாரு.”

அவர் மண்வெட்டியைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு நின்றார். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என் மூத்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷம், வாரம் தவறாமல் அந்தப் பனைமரத்திடம் போய் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிறார்கள். இவர் நகரவில்லை.

நான் மனுப் போட்டதும் மில் கதையை மாற்றிக்கொண்டது. எங்கள் தொழிலாளி உயிரோடு இருக்கிறார், செத்தவன் அத்துமீறி உள்ளே நுழைந்த யாரோ ஒருவன் என்று எழுதிக் கொடுத்தார்கள். படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரோ ஒருவனாம்.

விசாரிக்கிற அதிகாரி சென்னையிலிருந்து வந்திருந்தார். கலெக்டர் கச்சேரியில் ஒரு அறையில் விசாரணை. மூத்தாரும் வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே புளியமரத்தடியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். முதலில் மேஸ்திரியைக் கேட்டார்கள். இறந்தவனையும் தெரியாது, இந்தப் பெண்ணையும் பார்த்ததில்லை என்று சத்தியம் பண்ணினார். தின்ற கத்தரிக்காய் செரித்துவிட்டது போலும்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். குமாஸ்தா காகிதத்தைப் பார்த்தபடி கேட்டார்: “இறந்தவர் பேர்?”

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். ஏழு வருஷக் குடித்தனத்தில் ஒரு நாளும் நான் சொன்னதில்லை. குமாஸ்தாவுக்கும் இது பழக்கம்தான். “வீட்டு ஆம்பளை யாராச்சும் இருந்தா சொல்லச் சொல்லும்மா” என்று சுற்றிலும் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. மில் வக்கீல் லேசாகச் சிரித்தார். பெயரைக்கூடச் சொல்ல ஆளில்லாத வழக்கு என்று நினைத்திருப்பார். என் வக்கீல் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் நீட்டி, “எழுதிக் குடும்மா, போதும்” என்றார்.

காகிதத்தில் எழுதி எழுதித்தானே அவரை இல்லாத ஆளாக்கியிருந்தார்கள். நான் பென்சிலைத் தொடவில்லை. ஆயுசு குறையுமாம், இனிமேல் குறைய என்ன இருக்கிறது? ஜன்னல் பக்கம் திரும்பி, வயலில் இருப்பவரைக் கஞ்சி குடிக்கக் கூப்பிடுகிற சத்தத்தில், அவர் பெயரைச் சொன்னேன். குமாஸ்தா எழுதாமல் என்னையே பார்த்தார். இன்னொரு தரம் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் குரல் உடையவில்லை.

வாசலில் சேவகன் யாரையோ தடுக்கிற சத்தம் கேட்டது. மூத்தார் அவனை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கூப்பிடாமல் வந்தவரை அதிகாரி அதட்டினார். அவர் காதில் வாங்கவில்லை.

“அது என் தம்பிங்க. எனக்குத் தண்ணி முறை, நான்தான் அவனை என் டோக்கன்ல அனுப்புனேன். மேஸ்திரிக்குத் தெரியும். ரெண்டு வருசமாத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. மூத்தாரின் டோக்கன் தீர்ப்புக்கு முன்பே போய்விட்டது. நஷ்டஈட்டில் முதல் வேலையாக அவர் வீட்டுக்கு ஒரு கறவை மாடு வாங்கிக் கட்டினேன். ஓரகத்தி மாட்டை வாங்கிக்கொண்டாள், என்னோடு மட்டும் ஆறு வருஷம் பேசவில்லை. அவள் கோபம் நியாயம்தான். நான் செய்ததும் நியாயம்தான்.

அந்தப் பெயரை அதற்குப் பிறகு நான் சொன்னதில்லை. மகள் கல்யாணப் பத்திரிகைக்கு அச்சுக்கூடத்தில் கேட்டபோதுகூட மூத்தார்தான் சொன்னார். நான் சொல்ல வேண்டிய இடம் ஒன்றுதான் இருந்தது, அங்கே இரண்டு தரம் சொல்லிவிட்டேன்.