நாளைக்கு வரலை

ஆமா, அதே வேலுதான். எங்கள் காலேஜ் பாஸ்கெட்பால் டீம் கேப்டன். காலையிலிருந்து நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள்...

இன்று விடியற்காலை போய்விட்டான். டெங்கு. ஹாஸ்பிடலில் இருந்ததே எனக்குத் தெரியாது.

செய்தி சொன்னது அரவிந்த். எங்கள் டீம் இல்லை. எங்களைத் தோற்கடித்த டீம்.

நானும் வேலுவும் ஒரே வகுப்பு. பெண்கள் டீமுக்கு ஆள் சேரவில்லை. அதனால் கோச் என்னை ஆண்கள் டீமின் பெஞ்சில் உட்கார வைத்தார். தண்ணீர், ஐஸ், கணுக்காலுக்கு டேப். எல்லார் ஃபோனும் என் பையில்.

கடைசி வருடம். அவன் அப்பாவுக்கு போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளி மண்டி. பரீட்சைக்கு மட்டும் போ, மற்ற நாள் கடைக்கு வா என்றிருக்கிறார்.

வேலு பேரம் பேசி ஒன்று மட்டும் வாங்கியிருந்தான். டீம் தோற்கிற வரைக்கும் ஆடலாம். தோற்ற மறுநாள் காலை கடையில் நிற்க வேண்டும்.

எங்களுக்கு அது வெறும் மேட்ச். அவனுக்கு, ஜெயித்தால் இன்னும் கொஞ்ச நாள்.

ஜெயித்ததும் வியர்வை சொட்டச் சொட்ட என்னிடம் வந்து கை நீட்டுவான். ஃபோன். "நைனா, நாளைக்கு வரலை." அப்பாவிடம் அவ்வளவுதான், கட்.

டீமில் மற்ற எல்லாரும் தெலுங்குப் பையன்கள். அவர்கள் முழுசாகக் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வாக்கியம் அது. விசில் ஊதியதும் அவன் டயல் பண்ணுவதற்கு முன்பே எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள்... "நைனா, நாளைக்கு வரலை!"

தமிழ் கோர்ட்டுக்குள் வந்ததற்குக் காரணமும் அவன்தான்.

"இந்த ஊர்ல தெலுங்குல கத்தினாலும் புரியுது, ஹிந்தில கத்தினாலும் புரியுது. தமிழ்ல கத்துவோம். எவனுக்குத் தெரியும்?"

வலது பக்கம் ஓட வேண்டும் என்றால் "சோத்து". இடது பக்கம் என்றால் "பீச்சு". சோத்தாங்கை, பீச்சாங்கை. அவ்வளவு எளிய ரகசியம்.

எங்கள் ஷூட்டர் சாய் அர்த்தம் கேட்டான். வேலு சொன்னான், செய்கையோடு.

"சீ! நக்கோ ரே..." என்று சாய் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"வெக்கப்படாதடா. ஊர்ல எல்லாருக்கும் ரெண்டு கைதான்."

தப்பான பக்கம் ஓடினால் கிரவுண்டைச் சுற்றி வர வேண்டும். சாய் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு நாள், தூக்கத்தில் சொன்னாலும் சரியான பக்கம் திரும்புகிற அளவுக்கு வந்துவிட்டான்.

அந்த சீசன் முழுக்க ஜெயித்தோம். அரையிறுதி வரை.

அரையிறுதியில் வேலுவை மார்க் பண்ணியவன்தான் அரவிந்த். ஒல்லியாக, பேசாமல். கடைசி குவார்ட்டரில், வேலு வாயைத் திறந்து முடிப்பதற்குள் அவன் சரியான பக்கத்தில் நின்றான். மறுபடியும். மறுபடியும்.

வேலுவுக்கு மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்துக் கத்தினான்: "யாருடி இவன், பேய் மாதிரி முன்னாடியே நிக்கிறான்?"

அரவிந்த் சிரித்துவிட்டான்.

அப்போதுதான் புரிந்தது. "வேலு, அவனுக்குத் தமிழ் தெரியும்!" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன்... வேறெப்படி?

போவன்பள்ளியில் வேலு வீட்டுத் தெருவிலேயே பாதிப் பேர் தமிழ். என் அபார்ட்மென்ட்டில் மூன்று வீடு. ஆனாலும் இந்த ஊரில் தமிழ் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் என்று எப்படியோ நினைத்திருந்தோம்.

ஒரு பாயின்ட் பின்னால். டைம்-அவுட் எல்லாம் தீர்ந்துவிட்டது, நேரமும் சில நொடிதான். பந்து வேலு கையில்.

"சோத்து!" என்று கத்திவிட்டு, பந்தை இடது பக்கம் எறிந்தான்.

அரவிந்த் ஏமாந்து வலது பக்கம் போனான்.

சாயும் வலது பக்கம் போனான்.

இடது பக்கம் யாருமே இல்லை. பந்து கோட்டைத் தாண்டி உருண்டு வந்து என் தண்ணீர் கேனில் முட்டி நின்றது. விசில்.

சாய் தரையில் உட்கார்ந்து அழுதான். "நுவ்வே கதா அன்னா சோத்து அன்னாவு..." நீதானே சோத்து என்றாய், என்று.

வேலு அவன் தலைமுடியைக் கலைத்தான். "உன் மேல தப்பு இல்லடா. நான்தான் ரொம்ப நல்லாச் சொல்லிக்கொடுத்துட்டேன்."

பிறகு நேராக அரவிந்திடம் போனான். அடித்துவிடுவானோ என்று நானும் பின்னால் போனேன்.

"எந்த ஊருடா நீ?"

"ஏ.எஸ்.ராவ் நகர்."

"அது இல்ல. ஊரு, ஊரு."

"கும்பகோணம் பக்கம்."

"முதல் குவார்ட்டர்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலையே."

வேலு அவன் தோளில் கை போட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை.

என்னிடம் வந்து கை நீட்டினான். ஃபோனைக் கொடுத்தேன். யாரும் கத்தவில்லை.

"நைனா. காலைல வரேன்."

ஒரு மாதம் கழித்து டீமோடு மண்டிக்குப் போனேன். தக்காளி ட்ரேக்களுக்கு நடுவில் ஏலம் கூவிக்கொண்டிருந்தான். கோர்ட்டில் கேட்ட அதே குரல். எங்களைப் பார்த்ததும் ஒரு தக்காளியை எடுத்து, "பீச்சு!" சாய் இடது கையால் பிடித்தான். கூவலை நிறுத்தாமலே அடுத்த ட்ரேக்குப் போய்விட்டான் வேலு.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஹப்சிகுடாவில் ஒரு ஸ்கூல் கோர்ட்டில் ஆடினான். அரவிந்தோடு, ஒரே டீமில். எனக்கு வீடியோ அனுப்புவான். நான் ஹார்ட் போடுவேன். அவ்வளவுதான் சில வருடங்களாக.

இன்று காலை அரவிந்த் ஃபோனில் சொன்னது இவ்வளவுதான். மண்டி இன்று திறக்கவில்லையாம். வேலுவின் அக்கா சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், அதனால் நாளை காலைதான் எடுக்கிறார்கள். சாய் பெங்களூரிலிருந்து பஸ் ஏறிவிட்டான்.

சரிடா வேலு. பாத்துப் போ.

என் ஆபீஸ் மேனேஜருக்கு ஃபோன் பண்ணினேன். நாளைக்கு வரலை என்றேன். ஏன் என்று அவர் கேட்பதற்குள் கட் பண்ணிவிட்டேன்.