நான் சீவிக் கொடுத்த இளநீர்

போன வருஷத்துக்கு முந்தின சித்திரையில் நடந்தது இது. திருவண்ணாமலை வெயில் எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். வேங்கிக்காலில் எங்கள் வீடு தளம் போட்ட ஒற்றை வீடு, மாடி கிடையாது. அந்த வேக்காட்டில் என் மனைவி நினைத்தபடி தண்ணீர் குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. திங்கள், வியாழன் டயாலிசிஸ். தண்ணீர், மோர், ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் கூடாது. உப்பு கம்மி. காய்கறியை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். நான் ஆபீசில் ஃபைல் பார்க்கிற மாதிரி இதையும் பார்க்க ஆரம்பித்தேன். முதல் வேலையாகக் காபித்தூள் டப்பாவை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. காபி என்றால் அவளுக்கு உயிர். அவ்வளவு பிடித்தது எப்படி உடம்புக்கு நல்லதாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

டயாலிசிஸ் நடக்கும் இடத்தில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒரு பெண் வருவார். நான் மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தபோது அவர் இவளிடம் பேசியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் இவள் சொன்னாள்: "தண்ணி அளவுல சேர்த்துக்கினு கால் டம்ளர் காபி குடிக்கலாமாம். இளநீருதான் கூடவே கூடாதாம். அந்தப் பொண்ணு ரெண்டு வாட்டி சொல்லிச்சுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "காபி நல்லது, இளநீரு கெட்டதா? யார் காதுல பூ சுத்தற?" என்றேன். அவள் ஆஸ்பத்திரிப் பையை ஆணியில் மாட்டப் போய்விட்டாள். இருபத்தேழு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள். நான் பிடித்த பிடியை விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து என் தம்பி ஒரு குலை இளநீர் கொண்டுவந்து இறக்கினான். எங்கள் நிலத்து மரம், மருந்து அடிக்காதது. எங்கள் குடும்பத்தில் அம்மை போட்டால் இளநீர், வயிற்றுப்போக்கு என்றால் இளநீர், ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனாலும் இளநீர்தான். வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்தது. மறுநாள் காலையிலேயே அரிவாளும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். மாத்திரை விழுங்க மட்டும் தண்ணீர். மற்றபடி அவளுடைய அளவு முழுவதும் இளநீர். அளவும் மீறவில்லை, உடம்புக்கும் குளிர்ச்சி. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்!

வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று தலையாட்டிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "இதுக்கு பதிலா ரெண்டு வாய் காபி குடுத்துடுங்களேன்" என்று கெஞ்சினாள். ஐம்பது வயதுப் பெண், தன் சொந்த வீட்டில், இரண்டு வாய் காபிக்குக் கெஞ்சினாள். "நடிக்காத, குடி" என்றேன். குடித்துவிட்டாள். தாகமும் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்தவள் கட்டிலோரமாகவே சரிந்தாள். காலில் பலமே இல்லை. மார்பில் கையை வைத்து, "உள்ள நின்னு நின்னு அடிக்குதுங்க" என்றாள். வார்த்தை குழறியது.

அன்றைக்கென்று பார்த்துச் சித்ரா பௌர்ணமி. ஊரைச் சுற்றி எல்லா ரோட்டிலும் தடுப்பு வைத்து வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் ஆட்டோவில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு இடத்தில் திரும்பிப் போகச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் அவர் இறங்கி, "இங்க உசுரு போவுதுய்யா, தடுப்பத் தள்ளுங்க" என்று கத்தினார். கிரிவலம் சுற்றி முடித்து வந்த நாலைந்து பேர், அத்தனை மைல் நடந்த வெறுங்காலோடு ஓடிவந்து இரும்புத் தடுப்பை இழுத்து வழி விட்டார்கள். அவர்கள் முகம்கூட எனக்கு நினைவில்லை. என் மடியில் அவள் தலை கிடந்தது, கண் பாதி மூடியிருந்தது. எனக்குச் சாமியைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை.

ஈசிஜி எடுத்த அடுத்த நிமிஷம் டாக்டர் ஊசி போட்டு, நேராக டயாலிசிஸுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். இயந்திரத்தை ஓட்டும் டெக்னீஷியன் எங்களுக்குப் பழக்கமானவர். வெளியே வந்து, "என்ன சார் குடுத்தீங்க?" என்று கேட்டார். நான் பெருமையாகவே சொன்னேன், இப்போது நினைத்தால் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. "கெட்டது ஒண்ணும் குடுக்கல சார். காபிய கண்ணுலகூட காட்டல. எங்க நிலத்து இளநீர்தான்."

அவர் கையுறையைக் கழற்றினார். "இளநீர்ல பொட்டாசியம் ஜாஸ்தி சார். கிட்னி போனவங்களுக்கு அது வெளிய போவாது. இதயத்தையே நிறுத்திடும். அம்மாகிட்ட சொல்லி அனுப்பினாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். அவள் சொல்லியிருந்தாள். "இல்ல சார்" என்றேன்.

பிழைத்துக்கொண்டாள். சாயங்காலம் எங்கள் மகளும் மைத்துனரும் வந்தார்கள். "யாரு இளநீர் குடுத்தது?" என்று மைத்துனர் ஆரம்பிக்கும்போதே, படுத்திருந்தவள் சொன்னாள்: "நாந்தான். இவரு இல்லாத நேரத்துல தாகம் தாங்காம எடுத்துக் குடிச்சிட்டேன்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். "வாயக் கட்டத் தெரியாதா உனக்கு? அவரு ஒண்டி ஆளா எவ்ளோ பாடுபடறாரு!" மகளும் சேர்ந்து அழுதுகொண்டே திட்டினாள். நான் கட்டில் பக்கத்தில் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் பீரோவைத் திறந்து, கால் டம்ளர் காபி போட்டுக் கொடுத்தேன். முதலில் முகத்துக்கு நேரே பிடித்து வாசனை பார்த்தாள். பிறகு ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வாய்க்கு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள். "டம்ளர் நெறைய குடிச்சப்ப வேல பாத்துக்கினே குடிச்சேன். ருசி எங்க தெரிஞ்சிது?" என்றாள். உப்பில்லாத பீன்ஸ் பொரியலில் மிளகைத் தட்டிப் போட்டு எலுமிச்சை இரண்டு சொட்டு விடச் சொல்லி, அதையும் விருந்து மாதிரி சாப்பிட்டாள். இருக்கிற கொஞ்சத்தில் சந்தோஷப்பட அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் கொடுக்கத் தெரியவில்லை.

ஏன் பழியை உன்மேல் போட்டுக்கொண்டாய் என்று ஒருநாள் கேட்டேன். "உங்கள நாலு பேரு திட்டினா நீங்க தாங்க மாட்டீங்க. நான் படுத்துக்கினுதான இருக்கேன், கேட்டுக்குவேன்" என்றாள்.

பதினோரு மாதம் இருந்தாள். இதயம் பலவீனமாகிவிட்டது, அது இந்த நோயோடு வருவதுதான், இளநீர் காரணம் இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் அதை நம்புகிறேனா என்று கேட்காதீர்கள்.

பதினாறாம் நாள் பந்தியில் நான் சாம்பார் ஊற்றிக்கொண்டு போகும்போது யாரோ சொன்னார்கள், "பாவம், வாயக் கட்டியிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பா." அப்போதும் அடுத்த இலைக்குப் போய்விட்டேன்.

அம்மா நாக்குக்கு அடிமையாகித்தான் போய்ச்சேர்ந்தாள் என்று என் மகள் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். இதை அவள் படிப்பாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். என் மானத்தைவிட என் மனைவியின் பெயர் பெரிது என்று எனக்குத் தோன்ற இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.