பக்கித் இழந்த வாய்க்கால் ஓர நிலம்

என் தம்பி பக்கித் பதினொரு வருடம் குவைத்தில் தரை ஓடு பதிக்கும் வேலை பார்த்தான். ஊர் திரும்பியதும் வாய்க்கால் ஓரம் ஹாஜி தசூகியின் ஐந்து கீராத்து அளவு நிலத்துக்கு முழு விலையும் கொடுத்து ஒப்பந்தம் போட்டான். மனைவி, மூன்று பெண்களோடு என் வீட்டு மாடி அறையில் ஒண்டியிருந்தவன் அங்கேதான் வீடு கட்டுவதாக இருந்தான்.

பக்கத்தில் பாலம் வரப்போவது தெரிந்ததும் தசூகி பதிவுக்கு வர மறுத்தார்.

"ரெட்டிப்பா பணம் தர்றேன், வாங்கிட்டுப் போ. நிலத்த மறந்துடு."

பக்கித் என்னைப் பார்த்தான். "நிலந்தான் வேணும்" என்றேன். எங்கள் குடும்பத்தில் ஆறாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். எல்லா ரசீதையும் தேதி வாரியாக அடுக்கி வைத்திருப்பவளும் நான்தான்.

நான் மட்டும் போய் வக்கீல் ஹில்மியைப் பார்த்தேன்.

"ரெண்டு வழி இருக்கும்மா. ஒப்பந்தத்துல இருக்குறது தசூகி கையெழுத்துதான்னு தீர்ப்பு வாங்கலாம். செலவு கம்மி. இல்லேன்னா விற்பனையே செல்லும்னு வழக்குப் போட்டு, அந்த மனுவை நிலப் பதிவு ஆபீஸ்ல பதியலாம். செலவு அதிகம். ஆனா நிலத்தக் காப்பாத்துறது இதுதான்."

"கையெழுத்து அவருதுன்னு ஆனா நிலம் எங்களுதுதானே? மொதலாவதே போடுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிச்சாச்சு."

வழக்கில் ஜெயித்தோம். தெரு முழுக்க சர்பத் கொடுத்தேன்.

மூன்று மாதத்தில் தசூகி அதே நிலத்தை ஒரு மர வியாபாரிக்கு விற்றார். அவன் ஹில்மி சொன்ன அந்த இரண்டாவது வகை வழக்கைப் போட்டு, மனுவையும் பதிந்து, நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். பதிவு அலுவலக குமாஸ்தா எங்கள் தீர்ப்பைத் திருப்பித் தந்தார். "கையெழுத்து அவரோடதுன்னுதான் இதுல இருக்கு. நிலம் உங்களுதுன்னு எங்கயும் இல்லையே."

வெளியே வந்ததும் பக்கித் கேட்டான். "வக்கீல் இத ஏன் சொல்லலக்கா?"

"சொல்லவே இல்லடா" என்றேன்.

எட்டு நாள் அவன் காப்பிக்கடையில் உட்கார்ந்து, "கறுப்புக் கோட்டுக் கழுதை" என்று ஹில்மியை ஏசினான். காதில் விழுந்தும் அந்த மனிதர் தலைகுனிந்து நடந்து போனார். ஒன்பதாம் நாள் அவனுக்குச் சோறு வைக்கும்போது உண்மையைச் சொன்னேன்.

அவன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினான். "ஊர் நடுவுல அந்த மனுஷன ஏச விட்டியேக்கா" என்றான். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் இருவரும் ஹில்மியிடம் போனோம்.

"கழுதைகிட்ட என்ன வேலை?" என்றார் அவர்.

"மன்னிச்சுக்கோங்க அய்யா" என்றான் பக்கித். "தப்பு என்னுது" என்று நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நிலம் இனிக் கிடைக்காது, கொடுத்த விலையையும் நஷ்டஈட்டையும் கேட்டு தசூகி மேல் வழக்குப் போடலாம் என்றார். மனு எழுதிக் கொடுத்தார். வாங்குவதற்கு நான் கையை நீட்டினேன். அதற்குள் பக்கித் வாங்கி மடியில் விரித்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினான். முடிக்க முக்கால் மணி நேரமானது. ஒரு சொல்லுக்குக்கூட என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை.