பெட்டை என்று வாங்கிய நாலாவது கோழி

அந்தச் சனிக்கிழமை கோழி வாங்கப் போகிற நாளே இல்லை. மறுநாள் முனியாண்டி சாமிக்குப் பூசை. பிறை ஊரிலிருந்து என் கொழுந்தன் குடும்பத்தோடு வந்து தங்கப் போகிறார். மருமகள் வாழையிலை, தேங்காய், தட்டு என்று வீடு முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறாள். செபராங் ஜெயாவுக்கு அந்தப் பக்கம் கோழி வளர்க்கிறவரோ, இன்றைக்கு வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். நான் என்ன செய்ய?

காடியை ஓட்டிக்கொண்டு பாலம் தாண்டும்போதே மகன் ஆரம்பித்தான். "அம்மா, பெட்டை மட்டும்தான். நம்ம கெலுகோர்ல வீடெல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கு. சேவல் கூவினா பக்கத்து வீட்டுல சண்டைக்கு வருவாங்க."

"எனக்கே கோழி சொல்லித் தர்றியா?" என்றேன்.

விற்றவர் பிடித்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம்ப்பா, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கூண்டுக்குள் கையை விட்டேன். கொண்டை சின்னது, கால் மெலிசு, பார்வை அடக்கம். நாலு கம்பத்துக் கோழி, நாட்டுக்கோழி. நாலும் பெட்டை என்று சொல்லித்தான் காடியில் ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்தால் கூண்டுக்குக் கதவு இல்லை. மகன் இரண்டு வாரமாகப் போடுகிறேன், போடுகிறேன் என்ற கதவு. அட்டைப்பெட்டியோடு கூடத்திலேயே வைத்தோம். ஒன்று பெட்டியைக் கிழித்துக்கொண்டு வந்து, கழுவி அடுக்கிய இலை மேல் எச்சம் போட்டது. இன்னொன்று சோபாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.  மருமகள் கையில் அன்றைக்குப் பாத்திரங்கள் ரொம்பச் சத்தம் போட்டன.

ஞாயிறு காலை எல்லாரும் கோப்பி குடிக்கிறோம். பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம். தொண்டை கட்டிய புதுக் கூவல்.

"அண்ணி, உங்க பெட்டை உங்களைத்தான் கூப்பிடுது போல" என்றார் கொழுந்தன். அவர் பெண்டாட்டிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அதோடு விட்டாரா? பூசைக்குச் சேவல் கொண்டுவர வேண்டியவர் அவர். நேர்ந்துகொண்டதும் அவர்தான். மறந்துவிட்டு வந்திருக்கிறார். "முனியாண்டியே அனுப்பி வெச்சிருக்காருலா, அண்ணி!"

"தம்பி, நேர்ந்துகிட்டது நீங்க, மறந்தது நீங்க. சாமிக்கு நான் வாங்கினதா?"

"கொடுத்துடுங்கம்மா, நமக்கும் தொல்லை விட்டுச்சு" என்று மகனும் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டான்.

கொடுத்தால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியாதா? கிழவி பெட்டையென்று சேவலை வாங்கி, தள்ளிவிட வழியில்லாமல் சாமி தலையில் கட்டிவிட்டாள் என்று பிறை வரைக்கும் சொல்லுவார்கள். அதற்காகவே அதை விட மனசில்லை. ஆனால் பூசை நாளில் சாமிக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது. "சரி. சாமி கேட்டா எடுத்துக்கட்டும்" என்றேன்.

மஞ்சள் தண்ணீர் தெளித்தால் கோழி உடம்பை உதற வேண்டும். உதறினால்தான் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். உதறாததை வெட்டமாட்டோம்.

கோயிலில் பூசாரி தெளித்தார். சேவல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றது. மறுபடியும் தெளித்தார். ஒரு காலைத் தூக்கியது, வைத்தது. மூன்றாவது தடவை சொம்போடு ஊற்றினார்.

"ஒதறுடா ராசா, ஒதறு" என்று கொழுந்தன் கெஞ்சினார்.

அசையவில்லை. "இது வேணாம். வேற கொண்டாங்க" என்றார் பூசாரி. பசியோடு இத்தனை பேர் காத்திருக்க, கொழுந்தன் வேறு சேவல் தேடிப் பாசார் சந்தைக்குக் கிளம்பினார். என் முகத்தையே பார்க்கவில்லை.

சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு நான் காடிக்குப் போனேன். மகன் கதவைத் திறந்துவிட்டான். மடியில் வைத்தேனோ இல்லையோ, கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறியது பாருங்கள். என் பட்டுச் சேலை, அவன் கண்ணாடி, சீட்டு, எல்லாம் மஞ்சள்.

"அம்மா..." என்று கொழுந்தன் போன பக்கம் அவன் திரும்பினான்.

"காடிக்குள்ள ஒதறினது கணக்குல சேராது. கதவைச் சாத்து" என்றேன்.