சிஸ்டம் சாரும் படுக்காத சர்வரும்

அந்த முதியோர் மருத்துவமனையில் அவனை எல்லோரும் சிஸ்டம் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதைக்காக அல்ல. எதைக் கேட்டாலும் "அது சிஸ்டம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நாற்காலியைச் சுழற்றிக்கொள்வான். பிரிண்டர் காகிதத்தைக் கடித்துத் துப்பினாலும் சிஸ்டம் அப்படித்தான். ஆயாவின் சம்பளச் சீட்டு சமையல்காரர் பெயரில் வந்தாலும் சிஸ்டம் அப்படித்தான்.

அவனை அங்கே சேர்த்துவிட்டவள் அவனுடைய அண்ணி. வார்டு முழுவதற்கும் அவள்தான் பெரிய சிஸ்டர். அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவள் வந்த வாரமே அவன் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பச் சேர்க்கத் தெரியாமல், "இது செஞ்ச இடத்துலயே கோளாறு" என்று அப்பாவிடம் அடித்துச் சொன்னான். மாமனார் நம்பினார். மருமகள் நம்பவில்லை. பிறகு ஏதோ கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனான், ஒரு சான்றிதழ் வாங்கினான், அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினான். வேலைதான் எங்கும் ஒட்டவில்லை. போன இடமெல்லாம் முதலாளிகள் முட்டாள்களாகவே வாய்த்தார்கள் என்பது அவன் கட்சி. கணவனின் நச்சரிப்பு பொறுக்காமல்தான் அவள் மேலாளரிடம் வாயைத் திறந்தாள்.

முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கியிருந்த சின்ன அறையைச் சர்வர் அறை ஆக்கினார்கள். யாரும் செருப்போடு உள்ளே வரக்கூடாது, தூசு ஆகாது என்று கதவில் எழுதி ஒட்டினான். உள்ளே அவனுடைய சாப்பாட்டு டப்பா திறந்து கிடக்கும். சர்வரின் பின்புறம் வரும் சூடான காற்றில் கைக்குட்டை உலரும்.

அந்தச் சர்வரைப் பற்றி அவனுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

"நான் வந்ததுலேருந்து இது ஒரு நிமிஷம்கூடப் படுத்ததில்ல, தெரியுமா?"

"படுக்காம ஓடுற ஆளைத்தான் ஒருநாள் தூக்கிட்டு வருவாங்க" என்பாள் பெரிய சிஸ்டர். அவளுக்கு அந்தப் பேச்சு எரிச்சல். தூக்கம் வராத கிழவனை ஆரோக்கியசாலி என்று யாரும் சொல்வதில்லை.

உண்மையில் அவன் பயந்துகொண்டுதான் அதை அணைக்காமல் வைத்திருந்தான். அணைத்தால் திரும்ப எழுமா என்று அவனுக்கே தெரியாது.

ஒரு காலையில் மின்சாரப் பலகையை மாற்ற ஆட்கள் வந்தார்கள். பழைய பலகை கருகி நாறியது, தள்ளிப்போட முடியாது. சிஸ்டம் சார் குதித்தான், கத்தினான், மேலாளரிடம் போய் நின்றான். "காலைல ஒரு பொழுதுதானே? அணைச்சு வை" என்று அவர் முகத்தைக்கூடத் தூக்காமல் சொல்லிவிட்டார். அணைத்தான்.

மின்சாரம் திரும்பியது. விளக்குகள் எரிந்தன, மின்விசிறிகள் சுற்றின. சர்வர் உறுமியது, திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின, நடுவில் ஒரு சிவப்பு வரி வந்து நின்றது. ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் தொடர்வேன் என்றது. அழுத்தினான். தொடர்ந்தது. நோயாளிகள் பட்டியல் திறந்தது. அதில் ஒரு நோயாளியும் இல்லை.

வார்டில் பெரிய சிஸ்டரும் இதைத் தன் கணினியில் பார்த்தாள். யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு, எது ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதில்தான். மற்றவர்களுடையது ஓரளவு அவளுக்கு மனப்பாடம். ஜன்னலோரப் படுக்கைத் தையல்காரர் விஷயம் அப்படியல்ல. அவர் இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. கூடினால் ரத்தம் கொட்டும், குறைந்தால் கட்டிவிடும். பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து டாக்டர் அளவை மாற்றுவார். நேற்று மாலைதான் மாற்றியிருந்தார்.

டாக்டருக்குப் போன் போட்டாள்.

"மாத்தினேன் சிஸ்டர். எவ்வளவுன்னு இப்ப எப்படிச் சொல்றது? வார்டு முழுக்கப் பார்த்தேனே. கம்ப்யூட்டர்ல போட்டிருக்கேன், பாருங்க."

பார்க்கத்தான் ஒன்றும் இல்லை. மதிய மருந்து வண்டி கிளம்ப வேண்டும். அவள் நேராகச் சர்வர் அறைக்குப் போனாள், செருப்போடு.

அவன் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதும் மறுபடி போடுவதுமாக இருந்தான். சிவப்பு வரி வரும்போதெல்லாம், ஈயை விரட்டுவதுபோல ஒரு தட்டு தட்டி அதை விரட்டினான்.

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"அதெல்லாம் வழக்கமா வர்றதுதான் சிஸ்டர்." வேலையிடத்தில் அவன் அவளை அண்ணி என்று கூப்பிடமாட்டான்.

"இதுவரைக்கும் அணைச்சதே இல்லன்ன. அப்புறம் என்ன வழக்கம்? படி."

முனகிக்கொண்டே படித்தான். கோப்புகள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்று பச்சையாகவே சொல்லியிருந்தது.

"அதாவது டேட்டா போயிடுச்சு" என்றான், ஏதோ டாக்டர் கைவிரிப்பதுபோல. "கரண்ட் ஆளுங்க பண்ணின வேலை. கவலைப்படாதீங்க, இதுல ஒரு டிஸ்க் புதுசு, சும்மா கிடக்கு. அதை அழிச்சு, எல்லாத்தையும் முதல்லேருந்து போட்டு, பேக்கப்பை ஏத்திடுறேன்."

"பேக்கப் எப்ப எடுத்தது?"

"போன வருஷம்."

தையல்காரர் அப்போது வீட்டில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்திருப்பார். பெரிய சிஸ்டர் பல்லைக் கடித்தாள். அவனோ திரையில் அழிக்கட்டுமா என்று கேட்கும் கட்டத்தையே திறந்துவிட்டான்.

"கையை எடு."

"சிஸ்டர், இது டெக்னிக்கல்..."

"கையை எடுடா!"

எடுத்தான். அவளுக்குச் சர்வரைப் பற்றி மண்ணும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. ஆனால் யார் போட்டது என்று தெரியாத குழாயை நோயாளி உடம்பிலிருந்து பிடுங்குகிற பயிற்சி நர்ஸுகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்கள் முகத்தில் இருக்கும் அதே அவசரம் இவன் முகத்திலும் இருந்தது.

"எது புதுசு? காட்டு."

முன்பக்கத் தட்டைக் கழற்றிக் காட்டினான். வரிசையில் ஒரு டிஸ்க்கின் நெற்றியில் வெள்ளைப் பிளாஸ்திரித் துண்டு, அதில் அவன் கையெழுத்தில் "புதுசு".

"பார்த்தீங்களா? எழுதியே இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். பிளாஸ்திரி மஞ்சளித்து, ஓரம் சுருண்டு, பசை கறுத்திருந்தது. நோயாளி கையில் ஒட்டியது இப்படி ஆகியிருந்தால் ஒட்டியவளைத் தொலைத்திருப்பாள்.

"இது என் வார்டு பிளாஸ்திரி. வண்டியிலேருந்து கேக்காம கிழிச்சுட்டுப் போன. நான் அன்னிக்கு உன்னைப் பேசின பேச்சு ஞாபகம் இல்லையா?"

"எப்பவோ நடந்தது..."

"எப்பவோதான். பழைய டிஸ்க் ரொம்பிடுச்சு, பட்டியல் திறக்கமாட்டேங்குதுன்னு எல்லாரும் உன்னைப் பிடிச்சு உலுக்கினப்ப. நீ ஓடிப்போய் ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டின. அன்னிக்கு அது புதுசு. அப்புறம் இத்தனை நாளா நாங்க போட்டதெல்லாம் எங்க போய் உக்காந்துச்சு?"

அவன் அந்தப் பிளாஸ்திரியைத் திரும்பப் பார்த்தான். பேயறைந்த முகம். அழிக்கட்டுமா என்ற கட்டம் திரையில் இன்னும் காத்துக்கொண்டிருந்தது.

"அண்ணி" என்றான், மெல்ல.

விஷயம் இவ்வளவுதான். எல்லாவற்றையும் அந்த டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, அதைக் கையாலேயே கட்டளை கொடுத்து இணைத்திருக்கிறான். வேலை ஓடியது, கைதட்டினார்கள், சர்வர் மறுபடி எழும்போது தானாக இணைத்துக்கொள்ளும்படி எழுதிவைக்கவில்லை. எழுந்த சர்வர் பாவம், காலியான பழைய டிஸ்க்கில் போய்த் தேடிவிட்டுக் கையை விரித்தது. அணைக்காமலே இருந்தவரை இந்த லட்சணம் வெளியில் தெரியவில்லை.

"நீங்க வார்டுக்குப் போங்க அண்ணி, நான் பார்த்துச் சரிபண்ணிட்டுச் சொல்றேன்."

அவள் போவாளா? போனால் சாயங்காலத்துக்குள் "டேட்டாவை மீட்டெடுத்தேன்" என்று ஊரெல்லாம் கதை அளப்பான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் கட்டத்தை மூடினான், டிஸ்க்கை இணைத்தான். பட்டியலில் பெயர்கள் மளமளவென்று வந்து விழுந்தன. தையல்காரரின் அளவு குறைக்கப்பட்டிருந்தது. பழைய அளவையே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் அவனிடம் சொல்லவில்லை. சொன்னாலும் அதற்கும் ஒரு சப்பைக்கட்டு வைத்திருப்பான். சீட்டில் குறித்துக்கொண்டாள்.

"இப்ப அணைச்சுப் போடு."

"எதுக்கு? அதான் வந்துடுச்சே!"

"நீ பக்கத்துல இல்லாம அது எழுந்திருக்கணும். எழுதவேண்டியதை எழுது, அணை, போடு."

அவன் கெஞ்சினான். மேலாளரைக் கேட்கவேண்டும் என்றான். மேலாளரே அப்போது கதவோரம் வந்து நின்று, "என்னதான் நடக்குது இங்க?" என்றார்.

"கரண்ட் போனதுல, சார்..." என்று ஆரம்பித்தவன் அண்ணி பக்கம் ஒரு பார்வை பார்த்தான். மீதியை விழுங்கிவிட்டு, "நான்தான் எழுதி வைக்காம விட்டுட்டேன்" என்றான். அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்து அவள் கேட்டதில்லை.

எழுதினான், அணைத்தான், போட்டான். சிவப்பு வரி வரவில்லை. பட்டியல் தானாகவே பெயர்களோடு திறந்தது. பெரிய சிஸ்டர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு மருந்து வண்டியைத் தேடிப் போனாள். தையல்காரர் மாத்திரையை வாங்கிக்கொண்டே, "ஏம்மா, இன்னிக்கு ஏன் இவ்வளவு லேட்டு?" என்று சிடுசிடுத்தார். அது அவருடைய உரிமை.

மாதம் ஒருமுறை சர்வரை அணைத்துப் போட்டுக் காட்டவேண்டும், பேக்கப்பும் எடுக்கவேண்டும் என்று மேலாளர் உத்தரவு போட்டுவிட்டார். முதல் மாதம் அந்தக் காலையில் சிஸ்டம் சாருக்குக் காய்ச்சல் வந்தது. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, "அனலா கொதிக்குது, இன்னிக்கு லீவு சொல்லிடுங்க" என்று முனகினான். அண்ணன் பதறி விரிப்பைச் சரிசெய்தான். அண்ணி வந்தாள், தெர்மாமீட்டரை உதறி அவன் நாக்குக்கடியில் வைத்தாள், எடுத்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சட்டையை மாட்டு" என்றாள். "பஸ் வந்துடும்."