மாமா கம்ப்யூட்டர் பார்க்க வந்த நாள்கள்

எனக்குப் பத்து வயதானபோது, பள்ளியில் ஆண்டு இறுதி விடுமுறை தொடங்கிய சனிக்கிழமையன்று எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தது. பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும், உள்ளே காற்றாடி சுற்றும். பிறகு நீளமாக ஒரு 'பீப்', சற்று விட்டு இன்னொரு 'பீப்' என்று விடாமல் கத்தும். திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். அக்கா அதன் முன்னால் உட்கார்ந்து அழுதாள். கல்லூரிக்கு அவள் எழுதிய இறுதி ஆண்டு அறிக்கை முழுவதும் அதற்குள் இருந்தது. டிஸ்கில் எடுத்து வைக்கவில்லை. இரண்டு வாரத்தில் கொடுத்தாக வேண்டும்.

நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு கடையில் காட்டலாம் என்றார் அப்பா. அம்மா விடவில்லை. கிள்ளானில் இருந்த தன் தம்பிக்குப் போன் போட்டாள். மாமாவுக்குக் கோலாலம்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலை. எங்கள் உறவுக்காரர்களில் அந்தப் பெட்டியின் மூடியைக் கழற்றும் தைரியம் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கே மாமா வந்துவிட்டார். "லீவு நிறைய மிச்சம் கிடக்குக்கா. வருஷம் முடியறதுக்குள்ள எடுத்தாகணும்" என்றார். லீவில் இருப்பவர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் காலில் பளபளக்கும் கறுப்புச் சப்பாத்துமாக வந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "உனக்கு எல்லாத்திலயும் ஒரு கேள்வி" என்றாள்.

மாமா பெட்டியை மேசைமேல் படுக்க வைத்து மூடியைத் திறந்தார். வாயால் ஊதித் தூசி தட்டினார். கம்பிகளைப் பிடுங்கி மாற்றிச் செருகினார். ஒவ்வொரு அட்டையாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "சொல்லு லா, எங்க வலிக்குது?" என்று அதனிடமே கேட்பார். அது 'பீப்' என்று மட்டும் சொல்லும். மதியம் அம்மா கூப்பிட்டால் சாப்பிடுவார். மாலை ஐந்து மணிக்குக் கை கழுவி, தலை சீவி, கிள்ளானுக்கு ரயில் ஏறக் கிளம்பிவிடுவார். ஒரு வாரம் முழுவதும் இப்படியே போனது. அக்கா கல்லூரியிலிருந்து வந்ததும் முதலில் அந்தக் கறுப்புத் திரையைப் பார்ப்பாள். பிறகு யாரோடும் பேசாமல் அறைக்குள் போய்விடுவாள்.

இரண்டாவது திங்கட்கிழமை மாமா என்னிடம் அழிரப்பர் கேட்டு வாங்கினார். விரல் நீளத்தில் இருந்த மெமரி அட்டையைக் கழற்றி, அதன் விளிம்பில் இருந்த மஞ்சள் கோடுகளைப் பொறுமையாகத் தேய்த்தார். நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அங்கிருந்தே அந்தச் சத்தம் கேட்டது. குட்டையாக ஒரே ஒரு 'பீப்'. எட்டிப் பார்த்தேன். திரையில் வெள்ளை எண்கள் ஓடின. பிறகு வழக்கமான படம் வந்தது.

மாமா சிரிக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, அந்த அட்டையை மறுபடி கழற்றி, ஒரு காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் கிளம்பும்போது அக்காவும் அப்பாவும் ஒன்றாக வீட்டுக்குள் நுழைந்தார்கள். அக்கா கேட்காமலே மாமா சொன்னார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடிரும்மா. மாமா பொறுப்பு."

"அதான் காலையிலயே ஓடுச்சே மாமா!" என்றேன் நான். "நீங்கதானே கழட்டிப் பையில போட்டுக்கிட்டீங்க!"

மாமா காகிதத்தைப் பிரித்து, அட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்தினார். கம்ப்யூட்டர் எழுந்தது. அக்கா ஓடிப்போய்த் தன் அறிக்கையைத் திறந்து, திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"புள்ள ஒரு வாரமா அழுதுகிட்டு இருக்கா. என்ன விளையாட்டு மச்சான் இது?" என்றார் அப்பா.

"இல்லத்தான், இன்னும் ரெண்டு நாள் டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு…" என்று இழுத்தார் மாமா. திருப்புளிகளை எடுத்துப் பைக்குள் வைக்கும்போது ஒன்று கீழே விழுந்து உருண்டது. அதைக் குனிந்து எடுக்காமலே படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் எட்டரைக்கு மாமா வரவில்லை. அம்மா பத்து மணிவரை பார்த்துவிட்டுக் கிள்ளானுக்குப் போன் செய்தாள். மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, எடுத்தார். அம்மா பேசியது மட்டும் எனக்குக் கேட்டது. "ஆபீஸுக்கா? எப்பவும் போல ஏழு மணிக்கா?… இல்ல, சும்மாதான் கேட்டேன்." போனை வைத்த பிறகும் அம்மா அதன்மேல் இருந்து கையை எடுக்கவில்லை.

"மாமாவுக்கு லீவு முடிஞ்சிருச்சாம்மா?"

"ஆமா."

வெள்ளிக்கிழமை அக்கா அறிக்கையைக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை அப்பா எங்களைக் காஜாங்குக்குக் கரியில் சுட்ட சாத்தே இறைச்சி சாப்பிடக் கூட்டிப்போனார். நான் கெட்டிக்காரி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா மட்டும் சாப்பிடவில்லை.

பள்ளி திறந்து சில வாரம் கழித்து அத்தை தனியாக எங்கள் வீட்டுக்கு வந்து அழுதார். மாமாவின் அலுவலகத்தில் ஆளைக் குறைத்து, அவருக்கு வேலை போய் மாதக்கணக்காகிவிட்டதாம். யாரிடமும் சொல்லாமல் தினமும் ஏழு மணிக்குக் கிளம்பியிருக்கிறார். காலையிலிருந்து மாலைவரை ஒரு ரயில் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னாராம். கிட்டப் போய்க் கூப்பிட்டபோது, யாரோ தெரியாத ஆள் மாதிரி எழுந்து நடந்துவிட்டாராம்.

அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா தலைகுனிந்திருந்தார். நான் நடுவில் புகுந்து, "ஏன் ஸ்டேஷன்ல உட்கார்ந்திருந்தாரு? நம்ம வீட்டுக்கே வந்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

மிகச் சரியான யோசனை ஒன்றைச் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அப்பா எழுந்து வாசலுக்குப் போய், சாலையைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.