பூட்டி வைத்த மூன்றாம் புத்தகம்

அமலம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் மலாயாவில் சுங்கை பினாங் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் வகுப்புப் புத்தகம் வந்தது அவளால்தான். கோயிலுக்காகத் தினமும் ஒரு பிடி அரிசி எடுத்துவைப்பது அங்கிருந்த கத்தோலிக்கப் பெண்களின் வழக்கம். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார், பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பிடி போடுங்கள் என்று முப்பத்தோராம் வருஷம் அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். வேலையில்லாமல் ஊரே வாடிக் கிடந்த வருஷம் அது. இருந்தும் பெண்கள் போட்டார்கள். அரிசி விற்ற காசு பாதி, சர்க்கார் உதவி பாதி.

எந்தப் புத்தகம் வாங்குவது என்று வின்சென்ட் வாத்தியார் இரண்டு மாதிரிகளைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே இருந்ததை அவர் பார்த்தார். அமலம்மாள் அட்டையைத் தடவிப் பார்த்தாள். கெட்டி அட்டைதான் ஜெயித்தது.

மதராஸிலிருந்து கப்பலில் வந்த முப்பது புத்தகங்களையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை வந்து பார்க்கும்வரை ஒரு பிள்ளையும் தொடக்கூடாது. அவர் மனம் குளிர்ந்து எழுதினால்தான் நாலாம் புத்தகத்துக்கு உதவி வரும், நாலாம் வகுப்பும் திறக்கும். நாலாம் வகுப்பு இல்லையென்றால் அவள் மகள் சவுந்தரம் ரப்பர் கிடங்குக்குத்தான் போகவேண்டும். அந்தக் கிடங்கில் ரப்பர் தகட்டுக்குப் போடும் புகையில் பதினாறு வருஷம் இருமியவள் அமலம்மாள். பிள்ளைகள் படிக்கத்தானே புத்தகம் என்று வாத்தியார் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிடியரிசிக்காரியிடம் யார் வாதாடுவது? பாவம், மனிதர் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டே எட்டு மாதம் ஓட்டினார்.

துரை வந்தார். ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இன்னொன்றை எடுத்தார், அதுவும் அப்படித்தான். வாத்தியார் தலைகுனிந்து நின்றார். அமலம்மாளுக்கோ பெருமை தாங்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தாள்.

"ஒரு பிள்ள கைகூட படல தொர. கோயில் சாமான் மாதிரி வச்சிருக்கோம்."

கூட வந்த குமாஸ்தா அதை இங்கிலீஷில் சொன்னான். துரை சிரிக்கவில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. கொடுத்த புத்தகத்தையே இந்தப் பள்ளி உபயோகிக்கவில்லை, ஆகவே நாலாம் புத்தகத்துக்கு உதவி கிடையாது. நாலாம் வகுப்பும் கிடையாது. வாத்தியார் அதை மெதுவாகப் படித்துச் சொன்னார். "யார் மேலயும் தப்பில்லக்கா" என்றார். பெரிய மனசுதான். ஆனால் யார் தப்பு என்று அமலம்மாளுக்குத் தெரியும்.

அடுத்த மாதம் சவுந்தரம் கிடங்கில் ரப்பர் தகடு பிரிக்கப் போனாள். பத்து வயது. முதல் சனிக்கிழமை சாயங்காலம் அமலம்மாள் மூன்றாம் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மகளின் மடியில் வைத்தாள். அழுக்கானாலும் பரவாயில்லை, எங்கே வேண்டுமானாலும் திற, ஒரு பாடம் படித்துக் காட்டு என்று கெஞ்சினாள்.

பெண் அட்டையைப் பார்த்தாள். புகை பட்டுச் சிவந்திருந்த கண்ணைப் புறங்கையால் கசக்கினாள்.

"கண்ணு எரியுதும்மா. நாளைக்குப் படிக்கறேன்."

மறுநாள் சவுந்தரம் புத்தகத்தைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. எடுத்துக் கொடுக்கிற தைரியம் அமலம்மாளுக்கும் வரவில்லை.